வெள்ளிக்கிழமைச் சைவம் ஏழு நாளைக்கும் போதாது

கேள்வி:

எனக்கு 24 வயது, எடை 48 கிலோ. வெள்ளவத்தையில் அம்மா, அப்பா, தம்பி, அம்மம்மாவுடன் இருக்கிறேன். கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் பயிலுநராக வேலை செய்கிறேன். பங்குனி மாதம் இருப்புக் கணக்கெடுப்பதற்காக வடமேல் மாகாணத்தில் ஒரு கோழிப்பண்ணைக்கு அனுப்பினார்கள். கொட்டகைக்குள் போனதும் கண்ணும் மூக்கும் எரிந்தன. இரவு லொறி வந்தது. ஒரு கையில் நாலைந்து கோழிகளைக் காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் கூடைகளுக்குள் திணித்தார்கள். சில கோழிகளால் எழுந்து நிற்கவே முடியவில்லை. நான் எண்ணிக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து மச்சம் சாப்பிடவில்லை. ஐந்து மாதமாகிறது.

இப்போது எப்போதும் களைப்பு. படியேறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது. ஈமோகுளோபின் 10.2 என்று வந்திருக்கிறது. இறைச்சியை விட்டதால்தான் என்கிறார் அம்மா. கல்யாணம் பேசுகிற நேரத்தில் இப்படி ஆகிவிட்டாயே என்று அழுகிறார். போன கிழமை எனக்குத் தெரியாமல் சம்பலுக்குள் மாசிக் கருவாடு போட்டுவிட்டார். பெரிய சண்டை. காலையில் பாணும் சம்பலும், மத்தியானம் கடைச் சோறு, பின்னேரம் மரக்கறி ரோல்ஸ், இரவு இடியப்பமும் சொதியும் சாப்பிடுகிறேன். நாளுக்கு நாலைந்து தேத்தண்ணீர் குடிப்பேன். நான் திரும்ப இறைச்சி சாப்பிடத்தான் வேண்டுமா? முட்டை, பால் எடுக்கலாமா? ஹோர்மோன் ஊசி போட்ட கோழியைத் தம்பி என் முன்னால் இருந்து சாப்பிடுவதைப் பார்க்கவும் முடியவில்லை.

வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் திரும்ப இறைச்சி சாப்பிடத் தேவையில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் அந்தக் கேள்விதான் மிகவும் பயந்து கேட்ட கேள்வியாக எனக்குப் பட்டது. இரும்புச்சத்துக் குறைவை மரக்கறிச் சாப்பாட்டோடு இருந்துகொண்டே சரிசெய்யலாம். தேவைப்பட்டால் வைத்தியர் கொஞ்ச நாளைக்குக் குளிசையும் தருவார். ஆனால் இப்போது சாப்பிடுகிற மாதிரியே தொடர்ந்தால் சரிவராது.

நீங்கள் எழுதிய சாப்பாட்டை வாசித்ததும் எனக்குச் சின்ன வயதில் எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. காலையிலேயே அம்மா சட்டி பானையெல்லாம் கழுவிக் கவிழ்ப்பார். மத்தியானம் சோறு, தண்ணியான பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம், மிளகாய்ப் பொரியல். இரவு இடியப்பமும் சொதியும். அடுத்த நாள் சனிக்கிழமை மீன் வந்துவிடும். அந்தச் சாப்பாடு விரதத்துக்காக ஏற்பட்டது. ஒரு நாள் வயிற்றை லேசாக வைத்திருப்பதுதான் அதன் வேலை. நீங்கள் அதே வெள்ளிக்கிழமைச் சைவத்தை ஏழு நாளைக்கும், ஐந்து மாதத்துக்கும் நீட்டிவிட்டீர்கள். பாண், சோறு, ரோல்ஸ், இடியப்பம் என்று நாள் முழுக்க மாச்சத்துத்தான். இறைச்சியும் மீனும் இருந்த இடம் தட்டில் வெறுமையாகவே கிடக்கிறது.

தலைமுறை தலைமுறையாகச் சைவமாக இருக்கும் வீடுகளில் சமைப்பது வேறு. அங்கே பருப்பு கெட்டியாக இருக்கும். உழுந்தும் பயறும் எள்ளும் ஒவ்வொரு கிழமையும் வரும். கீரையில்லாத மத்தியானம் குறைவு. தயிர் இருக்கும். பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் ஏன் உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்தார்கள் என்று உங்கள் அம்மம்மாவைக் கேட்டுப் பாருங்கள். இந்தச் சமையல் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். கொழும்பு வீடுகளில் கோழி மலிந்த பிறகு எங்களுக்குத்தான் அது மறந்துபோனது.

சரி, ஈமோகுளோபினுக்கு வருகிறேன். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் குறைந்தால் இரத்தசோகை என்கிறோம். 10.2 அலட்சியப்படுத்தக்கூடிய அளவில்லை. ஆனால் அது முழுவதும் இந்த ஐந்து மாதத்தில் வந்தது என்று நான் நம்பவில்லை. உடம்பு இரும்பைச் சேமித்து வைத்திருக்கும். அந்தச் சேமிப்பு கரைந்து முடிந்த பிறகுதான் ஈமோகுளோபின் இறங்கத் தொடங்கும். மாதவிடாய் அதிகமாகப் போகிற பெண்ணுக்கு இது வருடக்கணக்காக நடக்கும் காரியம். உங்களுக்கு எப்படிப் போகிறது என்று கடிதத்தில் எழுதவில்லை. வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். இன்னொன்று, அம்மா குற்றம் சொல்லும் அந்தக் கோழியிறைச்சியில் 100 கிராமுக்குச் சுமார் ஒரு மில்லிகிராம் இரும்புதான் இருக்கிறது. அது நன்றாக உறிஞ்சப்படும், கூடச் சாப்பிடும் பருப்பின் இரும்பையும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு போகும், அது உண்மை. என்றாலும் ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கறி நின்றதால் மட்டும் இவ்வளவு இறங்காது.

நான் அதிகம் சந்தேகப்படுவது உங்கள் தேத்தண்ணீரை. பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்பு உடம்புக்குள் போவது ஏற்கெனவே கஷ்டம். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடித்தால் அதிலுள்ள துவர்ப்புப் பொருள் அந்த இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உறிஞ்சப்படுவது பாதிக்கும் மேல் குறைந்துவிடும். கோப்பியும் அப்படித்தான். தேத்தண்ணீரை விடச் சொல்லவில்லை, கொழும்பில் வேலை செய்கிற ஒருவரிடம் அதைக் கேட்க எனக்கு மனமும் இல்லை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். நாலைந்தை இரண்டாக்குங்கள். சாப்பாட்டோடு தேசிக்காய்ப் புளி, கொய்யா, நெல்லிக்காய் என்று விற்றமின் சி உள்ள ஏதாவது ஒன்று இருக்கட்டும். அது தேத்தண்ணீர் செய்வதற்கு நேர்மாறாக வேலை செய்யும். தேசிக்காயை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழியுங்கள், சூட்டில் அந்தச் சத்து போய்விடும். வல்லாரையைப் பச்சையாக அரிந்து, வெங்காயமும் தேங்காய்ப்பூவும் போட்டுத் தேசிக்காய் பிழிந்து செய்யும் சம்பல் இந்த வேலைக்கென்றே செய்ததுபோல இருக்கும்.

இரும்புக் குளிசையை மட்டும் பார்மசியில் நீங்களே வாங்கிப் போடாதீர்கள். முழு இரத்தப் பரிசோதனையோடு பெரிட்டினும் பார்க்கச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள். சேமிப்பில் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது பெரிட்டின்தான். இலங்கையில் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு இரும்பு போதுமான அளவு இருந்தும் ஈமோகுளோபின் குறைந்தே இருக்கலாம். இரும்பு குறைவில்லாதவருக்கு மாதக்கணக்கில் இரும்பு கொடுப்பதில் பயனில்லை, கெடுதலும் உண்டு. கல்யாணம் பேசும் நேரமென்று அம்மா சொல்கிறாரே, இருவருமே அந்த மரபணுவைச் சுமந்தால் பிள்ளைக்கு நோய் வரலாம் என்பதால் தலசீமியாவைப் பார்த்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை. அதே இரத்தத்தில் விற்றமின் பி12ஐயும் பார்க்கச் சொல்லுங்கள்.

பி12ஐப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். மரக்கறிச் சாப்பாட்டில் நான் பயப்படுகிற ஒரே விடயம் அதுதான். ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் போதும், கடுகளவுகூட இல்லை. ஆனால் செடிகொடிகளில் அது நம்பும்படியாகக் கிடையாது. தோசை மா புளித்தால் வரும், கடற்பாசியில் இருக்கிறது என்று சொல்வார்கள். அவற்றை நம்ப வேண்டாம். பாலிலும் முட்டையிலும் உண்டு. ஈரலில் சில வருடத்துக்குச் சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது. நாலு வருடமாகப் பாலும் முட்டையும் இல்லாமல் சுத்த மரக்கறியாக இருந்த ஒருவர் பாதம் மரத்துப்போகிறது என்று என்னிடம் வந்தார். சீனி வியாதியாக இருக்கும் என்று அவரும் வீட்டாரும் நினைத்திருந்தார்கள். சீனி சரியாக இருந்தது. பி12தான் அடிமட்டத்தில் கிடந்தது. ஊசி போட்டதும் களைப்பு போனது, பாதத்தின் மரப்பு முழுமையாகப் போகவில்லை. உயிர்களுக்காக இவ்வளவு நல்ல முடிவை எடுத்த ஒரு மனிதருக்கு, ஒரு சின்னக் குளிசையைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

இப்போது தட்டில் என்ன போடுவது என்பதற்கு வருகிறேன். புரதத்துக்கு உங்கள் எடைக்கு நாளுக்குச் சுமார் 40 கிராம் வேண்டும். பயப்படுகிற அளவு பெரிய தொகை இல்லை. கெட்டியாகக் காய்ச்சிய பருப்பு ஒரு கோப்பையில் ஏறக்குறைய 18 கிராம் இருக்கும். இரண்டு கோப்பைச் சிவப்பரிசிச் சோற்றில் 10. பின்னேரம் ரோல்ஸுக்குப் பதிலாக அரைக் கோப்பை அவித்த கொண்டைக்கடலை சாப்பிட்டால் 7. ஒரு கோப்பை பால் அல்லது தயிர் 8. கணக்கு முடிந்தது, நீங்கள் கணக்காய்வுப் பிள்ளை, கூட்டிப் பாருங்கள். சோறும் பருப்பும் சேர்வதில் இன்னொரு நன்மை, புரதம் அமினோ அமிலங்களால் ஆனது, அரிசியில் குறைகிற அமினோ அமிலத்தைப் பருப்பு நிரப்பும், பருப்பில் குறைவதை அரிசி நிரப்பும். காலைப் பாணுக்குப் பதிலாகக் கிழமையில் மூன்று நாள் அவித்த பயறும் தேங்காய்ப்பூவும், அல்லது கௌபி, அல்லது குரக்கன் புட்டு என்று மாற்றுங்கள். குரக்கனில் கல்சியம் நன்றாக இருக்கிறது, நெத்தலி முள்ளில் இருந்து வந்த கல்சியத்துக்கு ஒரு பதில் அது. சோயா மீற் கிழமைக்கு இரண்டு தரம் போதும், அதன் உப்புச் சுவைப் பைக்கற்றைப் போடாமல் வீட்டுத் தூளிலேயே கறியாக்குங்கள். முருங்கையிலை, பொன்னாங்காணி, கங்குன் மூன்றும் வெள்ளவத்தைச் சந்தையில் எப்போதும் கிடைக்கும். மீன் நின்றதால் அயடின் போய்விடுமோ என்று யோசிக்க வேண்டாம். 1995இல் இருந்து இங்கே உப்பில் அயடின் சேர்ப்பது கட்டாயம், வீட்டில் அந்த உப்பே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம், நீங்கள் பார்த்ததைப் பற்றி. அதைப் பேசாமல் பருப்புக் கணக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போனால், நீங்கள் எழுதியதில் பாதியைத்தான் வாசித்தேன் என்றாகிவிடும்.

அந்தக் கோழிகளால் நிற்க முடியாததற்குக் காரணம் ஹோர்மோன் ஊசி இல்லை. எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வது அது, நானும் நீண்ட காலம் நம்பியிருந்தேன். காரணம் இனவிருத்தி. கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டுக் கோழி இனத்தையும் 2005ஆம் ஆண்டு இனத்தையும் ஒரே தீனி கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 56 நாளில் பழைய இனம் சுமார் 900 கிராம் வந்தது, புதிய இனம் 4.2 கிலோ வந்தது. தீனி ஒன்றுதான், ஊசியும் இல்லை. தசை அந்த வேகத்தில் ஏறும்போது எலும்பும் இதயமும் கூடவே ஓட முடியாமல் பின்தங்குகின்றன. புரொய்லர் கோழி ஐந்து ஆறு கிழமையிலேயே லொறி ஏறுகிறது. நீங்கள் எண்ணியவை எல்லாம் உடம்பால் பெரிய, வயதால் குஞ்சுகள். உங்கள் கண் எரிந்தது உமிப் படுக்கையில் சேர்ந்த எச்சத்திலிருந்து எழும் அமோனியாவால். நீங்கள் வெளியே வந்துவிட்டீர்கள், அவை அந்தக் காற்றிலேயே வளர்ந்தன.

தம்பியிடம் பேசும்போது ஊசிக் கதையை விட்டுவிட்டு இதைச் சொல்லுங்கள். ஊசி பொய் என்று அவன் எங்காவது வாசித்துவிட்டால், நீங்கள் கண்ணால் கண்டதையும் நம்பமாட்டான். "மரக்கறிக்கும் உயிர் இருக்குத்தானே அக்கா" என்று அவன் கேட்டிருப்பான், கேட்காத வீடு இல்லை. ஒரு புரொய்லர் ஒரு கிலோ எடை போட ஒன்றரைக் கிலோவுக்கு மேல் சோளமும் சோயாவும் தின்கிறது. செடிக்காக இரங்குகிறவரும் நேராகச் செடியைச் சாப்பிட்டால்தான் குறைவாக அழிப்பார்.

அந்த இரவில் கோழி பிடித்த பெடியன்மாரையும் பண்ணைக்காரரையும் வெறுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே பல பண்ணைகளில் குஞ்சும் தீனியும் கம்பனி கொடுக்கிறது, வளர்த்துக் கொடுப்பவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது விளைச்சல் குறைந்து, தீனிக்குச் சோளம் இல்லாமல் கடனில் விழுந்த பண்ணைக்காரர்கள் இருக்கிறார்கள். சட்டம் என்று பார்த்தால், மிருகவதைக்கு எதிராக எங்களிடம் இருக்கும் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டில் வந்தது. வண்டி மாட்டை அடிப்பவரை மனதில் வைத்து எழுதிய காலம் அது, பல்லாயிரம் கோழி ஒரே கூரையின் கீழ் இருக்கும் என்று அப்போது யார் நினைத்திருப்பார்? பிரித்தானியாவில் பண்ணை விலங்குகளின் நிலையை ஆராய அரசாங்கம் அமைத்த பிராம்பெல் குழு, 1965இல் ஒரு பண்ணை விலங்குக்கு ஆகக் குறைந்தது என்ன வேண்டும் என்று எழுதி வைத்தது. எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, தன் உடலைத் தானே சுத்தம் செய்ய, கைகாலை நீட்ட இடம் வேண்டும் என்றது. கேட்டது அவ்வளவுதான். அதுகூட இல்லாத இடங்கள் இன்றும் இருக்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு மனம் தாங்காது. நீங்கள் இறைச்சியை விட்டதில் எந்த மிகையும் இல்லை.

இதனால்தான் முட்டைக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சத்தாகப் பார்த்தால் முட்டை அருமையானது. ஆனால் நீங்கள் இறைச்சியை விட்டது விலங்குகளை நடத்தும் விதத்துக்காக. அப்படிப் பார்த்தால் முட்டைக் கோழியின் பாடு புரொய்லரின் பாட்டைவிட நீளமானது. புரொய்லருக்கு நாற்பது நாள். முட்டைக் கோழி ஒரு வருடத்துக்கும் மேல் கம்பிக் கூட்டில் இருக்கும், வருடத்துக்குச் சுமார் 300 முட்டை இடும். வழக்கமான கூட்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாளைவிடக் குறைவு, சிறகை விரிக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் அந்த வெறுங்கூட்டை 2012இல் தடைசெய்தது. எங்கள் நாட்டில் அது இன்றும் சாதாரணம். முட்டை இனத்தில் பொரிக்கும் சேவல் குஞ்சுகள் முட்டையும் இடாது, இறைச்சிக்கும் வேகமாக வளராது என்பதால் பெரும்பாலும் முதல் நாளிலேயே கொல்லப்படுகின்றன. தவிட்டு நிற ஓட்டைப் பார்த்து ஊர்க்கோழி முட்டை என்று நம்பி வாங்காதீர்கள், ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, கூட்டுக்கோழியும் தவிட்டு முட்டை இடும். ஊரில் முற்றத்தில் கோழி விட்டு வளர்க்கும் உறவுக்காரர் யாராவது இருந்து, அங்கிருந்து வருகிற முட்டையென்றால் சாப்பிடுங்கள். இல்லையென்றால் முட்டை இல்லாமலும் உங்கள் கணக்கு மேலே சரியாக வந்துவிட்டது.

பாலிலும் இதே கேள்வி இருக்கிறது. கன்று போடாமல் மாடு பால் தராது, பிறக்கும் நாம்பன் கன்றுக்குப் பால்பண்ணையில் வேலை இல்லை. தெரிந்தும் உங்களுக்கு நான் சொல்வது, இந்த ஒரு வருடம் பாலையோ தயிரையோ விடாதீர்கள். ஈமோகுளோபின் 10இல் இருக்கும்போது ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் விட்டால் உடம்பு தாங்காது, உடம்பு விழுந்தால் முடிவும் சேர்ந்து விழுந்துவிடும், அப்படித் திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏறிய பிறகு விடுவதென்றால் விடுங்கள், அன்றிலிருந்து பி12 குளிசை வாழ்நாள் முழுக்க வேண்டும். இரும்புக் குளிசை தந்தால் அதைப் பாலோடு மட்டும் விழுங்க வேண்டாம்.

அம்மா சொல்லாமல் மாசி போட்டது பிழைதான். ஆனால் அவர் பயந்திருக்கிறார். ஐந்து மாதமாக மகள் பாணும் சொதியுமாக மெலிவதைப் பார்த்திருக்கிறார், அவர் கண்ணில் பட்டது பொய்யில்லை, காரணத்தைத்தான் மாற்றி விளங்கிக்கொண்டார். இனி மாசி வேண்டாம் என்று சண்டையில்லாத ஒரு நேரத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லும்போது கையில் இரத்தப் பரிசோதனைத் துண்டும், கிழமைக்கு என்ன சமைக்கலாம் என்ற பட்டியலும் இருக்கட்டும். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமைச் சமையலை நீங்களே எடுங்கள். பலாக்காய்க் கறியும் கெட்டிப் பருப்பும் முருங்கையிலை வறையும் வைத்தால், தம்பியும் இரண்டாந்தரம் சோறு போடுவான். அவன் கோழி சாப்பிடும்போது மேசையை விட்டு எழும்பத் தோன்றும், எனக்குத் தெரியும். முதல் வருடம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. எழும்பாமல் பக்கத்துக் கதிரையில் இருங்கள், தட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கும்படி கேட்கலாம், அதில் பிழையில்லை. பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டுக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள், மறைத்துப் போய் அங்கே மீன் குழம்பின் முன்னால் உட்கார வேண்டாம்.

இந்தக் கிழமையே வைத்தியரிடம் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் காசில்லாமலே பார்க்கலாம். படியேறும்போது மூச்சு வாங்குவது கூடினால், நெஞ்சு படபடத்தால், தலை சுற்றினால் கிளினிக் நாள் வரும் வரை காத்திருக்க வேண்டாம். மூன்று மாதம் கழித்து ஈமோகுளோபினைத் திரும்பப் பார்த்து, முன்னைய துண்டையும் புதிய துண்டையும் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். அம்மம்மா உழுத்தங்களி எப்படிக் கிண்டுகிறார் என்பதையும் அதில் எழுதுங்கள், எங்கள் வீட்டு முறையில் எப்போதும் அடிப்பிடிக்கிறது.